கூரையைக் கேட்டுக் கேரியர் வாங்குங்கள்: லடாக் செல்லும் ஜீப் பிரயாணிகளுக்கு ஒரு திறந்த மடல்



கோடை பிறந்து, பாராலாச்சா, தங்லங் லா கணவாய்களில் பனியை வெட்டிப் பாதை திறந்துவிட்டார்கள் என்ற செய்தி வந்த மாத்திரத்தில், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் மதுரையிலிருந்தும் தார், கூர்க்கா, ஜிம்னி, ஃபார்ச்சூனர் முதலிய நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டிகளில் லடாக்குக்கும் ஸ்பித்திக்கும் புறப்பட ஆயத்தமாகும் உங்கள் அனைவருக்கும் இந்த மடலை எழுதுகிறேன். பிரயாணத்துக்கு நாள் குறித்தவுடன் உங்களில் பெரும்பாலோர் முதற்காரியமாக நாடிச் செல்வது கூரைக் கேரியர் விற்கும் கடையையோ, அதைச் செய்து தரும் வெல்டிங் பட்டறையையோதான். கூடாரம், படுக்கை, அடுப்பு, தண்ணீர், டீசல், உபரிச் சக்கரம், கயிறு, மண்வாரி என்று பட்டியல் நீண்டுகொண்டே போக, வண்டிக்குள் இடம் சுருங்கிக்கொண்டே வர, தலைக்கு மேலே வெறுமையாய்க் கிடக்கும் அந்த விசாலமான கூரையின் மேல் கண் போவது இயற்கையே. அந்த ஆசையை நான் குறை கூறவில்லை. ஆயினும், கேரியரைத் தேர்ந்தெடுக்கும் விஷயத்தில் நீங்கள் கேட்கும் கேள்விகளின் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பதும், அதை நேர் செய்துகொண்டால் பணமும் எரிபொருளும் மிச்சப்படுவதோடு சில சமயம் உயிரும் காப்பாற்றப்படும் என்பதும் என் திடமான அபிப்பிராயம். அதை விவரமாகச் சொல்லவே முன்வந்தேன்.

நீங்கள் முதலில் கேட்பது கேரியரின் நீளம் என்ன, எத்தனை பெட்டி கொள்ளும், வண்டிக்கு என்ன கம்பீரம் கொடுக்கும் என்பது; அதன் பிறகு விலை; எல்லாம் முடிந்தபின், கேட்டால் கேட்பது, இல்லாவிட்டால் கேட்காமலே விட்டுவிடுவது, வண்டி ஓடும்போது இந்தக் கூரை எத்தனை கிலோ தாங்கும் என்பது. கடைசியில் நிற்கும் அந்தக் கேள்வியே முதலில் நிற்க வேண்டியது. அதற்கு விடை கிடைத்துவிட்டால் மற்றக் கேள்விகளில் பாதி தாமாகவே தீர்ந்துபோகும்.

இந்த வரிசை எவ்விதம் தலைகீழாயிற்று என்று யோசித்துப் பார்த்தால், நம் மனத்தில் ஆழப் பதிந்துவிட்ட சில படங்களே காரணமென்று தோன்றுகிறது. 1955 செப்டம்பரில் லண்டனிலிருந்து புறப்பட்டு, இந்தியாவையும் பர்மாவையும் கடந்து, 1956 மார்ச்சில் சிங்கப்பூரைச் சென்றடைந்த ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்களின் இரண்டு லாண்ட் ரோவர்கள். 1980-இல் தொடங்கி ஏறக்குறைய இருபது ஆண்டுக் காலம் பிரேசில், போர்னியோ, மடகாஸ்கர் ஆகிய இடங்களின் காடுகளிலும் சேற்றிலும் புதைந்து எழுந்த, கேமல் டிராபி என்ற சாகசப் போட்டியின் வண்டிகள். இவற்றின் புகைப்படங்களைப் பார்த்து வளர்ந்த எவருக்கும், கூரை நிறையச் சாமான் ஏற்றிய வண்டியே சாகச வண்டி என்ற எண்ணம் உண்டாகிவிடுகிறது. ஆனால் கேமல் டிராபி வண்டிகளின் உள்ளே பிரயாணிகளைக் காக்க எஃகுக் குழாய்களாலான கூண்டு ஒன்று பொருத்தப்பட்டிருந்ததையும், மேலே இருந்த கேரியர் அந்தக் கூண்டின் பலத்தைச் சார்ந்தே நின்றதையும் படம் காட்டுவதில்லை. கண்ணுக்குத் தெரிந்த கேரியரை நாம் எடுத்துக்கொண்டோம்; கண்ணுக்குத் தெரியாத எலும்புக்கூட்டை விட்டுவிட்டோம். உங்கள் வீட்டு வாசலில் நிற்கும் வண்டியின் கூரை மெல்லிய தகடு. சில மாதிரிகளில் அது தகடுகூட அல்ல, ஃபைபர். அதன் கீழே குறுக்காக ஓடும் சில வளைவுகளும், ஓரங்களில் கதவுக்கு மேல் ஓடும் சட்டமுமே பாரத்தை வாங்கிக்கொள்ளும் அங்கங்கள்.

ஆகையால் முதலில் வண்டியோடு வந்த கையேட்டைத் திறந்து, கூரைப் பாரத்தின் எல்லை என்று எழுதியிருக்கும் பக்கத்தைத் தேடுங்கள். அங்கே காணாவிட்டால் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தில் கேட்டு, எழுத்திலே வாங்கிக்கொள்ளுங்கள். அந்த எண்ணைப் பார்த்துப் பலர் திகைப்பார்கள். ஜிம்னியின் கூரைக்குச் சுசுகி பல நாடுகளில் வகுத்துத் தந்திருக்கும் எல்லை வெறும் 30 கிலோ. நம்மூர்ப் பட்டறையில் இரும்புக் குழாயால் பற்றவைத்துச் செய்யும் முழு நீளக் கேரியர் ஒன்றே அந்த எடையை எட்டிவிடும் அல்லது தாண்டிவிடும். அதாவது, ஒரு தலையணையைக்கூட மேலே வைக்கும் முன்னரே அந்த வண்டியின் கூரை தன் கடமையைச் செய்து முடித்துவிட்டது. இதற்கு நேர்மாறாக, 2020-ஐ ஒட்டி வெளிவந்த புதிய லாண்ட் ரோவர் டிஃபெண்டரின் கூரை ஓடும்போது 168 கிலோவும், அசையாமல் நிற்கும்போது 300 கிலோவும் தாங்குமென்று அதைச் செய்தவர்கள் கூறுகிறார்கள். வண்டிக்கு வண்டி இவ்வளவு பேதம் இருக்கும்போது, நண்பரின் வண்டியில் இருக்கும் கேரியரை நம் வண்டியிலும் ஏற்றிவிடலாம் என்று எண்ணுவது எவ்வளவு அபாயமானது என்று சிந்தித்துப் பாருங்கள்.

கடைக்காரர், "இது 150 கிலோ தாங்கும் சார்" என்று கூறும்போது அவர் பொய் சொல்லவில்லை, கேரியர் தாங்கும். கேரியருக்குக் கீழே இருக்கும் கூரை தாங்குமா என்பது அவர் பொறுப்பல்ல, உங்கள் பொறுப்பு. இரண்டு எண்களில் எது சிறியதோ அதுவே உங்கள் எல்லை. அதிலிருந்து கேரியரின் சொந்த எடையைக் கழித்தால் மிஞ்சுவதே சாமானுக்கு உரியது. கணக்கு இத்துடன் முடிந்துவிடுவதுமில்லை. கையேட்டில் உள்ள எண் நல்ல சாலைக்கு உரியது. கரடுமுரடான தடத்தில் சக்கரம் பள்ளத்தில் விழுந்து எழும் ஒவ்வொரு தடவையும், மேலே இருக்கும் பாரம் தன் எடையைப் போல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு விசையோடு கூரையை அமுக்கி, மறுகணம் மேல்நோக்கி இழுக்கிறது. இதனாலேயே, செம்மண் பாலைவனத்தில் ஆயிரக்கணக்கான மைல் மண்சாலை உள்ள ஆஸ்திரேலியாவில், கேரியர் செய்பவர்கள் தார்ச்சாலைக்கு உரிய எல்லையை 1.5-ஆல் வகுத்து வருவதையே காட்டுத் தடத்துக்கு உரிய எல்லையாகக் கொள்ளும் வழக்கம் உண்டு. உதாரணத்துக்கு, கூரையின் எல்லை 75 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரையால் வகுத்தால் 50. கேரியர் 22 கிலோ என்றால் மிஞ்சுவது 28. இரண்டு படுக்கை மூட்டைகளும் ஒரு கூடாரமும் சில துணிப்பைகளும், அவ்வளவே. இந்த 28 கிலோவை மனத்தில் இருத்திக்கொண்டு கடைக்குப் போகிறவர், எட்டு அடி நீளமும் சுற்றிலும் உயர்ந்த விளிம்பும் ஏணியும் உடைய பெரிய கேரியரைக் கேட்கவே மாட்டார்.

கூரை தாங்கிவிட்டால் போதுமா என்றால், போதாது. வண்டி சாயாமல் நிற்கவும் வேண்டும். ஒரு சாதாரணக் கணக்கைப் பாருங்கள். ஆட்களோடு சேர்த்து 2,000 கிலோ எடையுள்ள ஒரு வண்டியின் எடைமையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறதென்று கொள்வோம். தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், கூரையின் மேல், 100 கிலோவை ஏற்றினால் அந்த மையம் ஆறு சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. இரு சக்கரங்களுக்கு இடையே ஒன்றரை மீட்டர் அகலமுள்ள வண்டியானால், அது கவிழும் கோணம் ஏறக்குறைய இரண்டரை பாகை குறைந்துபோகிறது. இது காகிதக் கணக்கு. ஸ்பிரிங்குகளே இல்லாத வண்டிக்குரிய கணக்கு. உண்மையான வண்டியில், சரிவான பாதையில் ஒரு புறத்து ஸ்பிரிங்குகள் அமுங்கி, மறு புறத்து ஸ்பிரிங்குகள் விரிந்து, மேலே உள்ள பாரம் பள்ளத்துப் பக்கமாகவே இன்னும் சாய்வதால், நஷ்டம் இதைவிட அதிகம். வைக்கோல் பாரம் ஏற்றிய மாட்டுவண்டி, எடை குறைவாயிருந்தும், ஓடைக்கரையில் எப்படி ஆடி ஆடிச் செல்கிறது என்பதைக் கிராமத்தில் பிறந்தவர்கள் கண்டிருப்பீர்கள். உயரம் செய்யும் வேலை அது. அதே 100 கிலோவை வண்டியின் தரையில், பின் இருக்கையை ஒட்டி வைத்தால் மையம் அசைவதே இல்லை. ஸ்பித்திக்குப் போகும் வழியில், கிராம்புவிலிருந்து பாத்தல் வழியாகக் குன்சும் கணவாய்க்குச் செல்லும் பாதையில், சந்திரா நதி ஒரு புறம் ஓட, உருண்டைக் கற்களும் உருகுபனி ஓடைகளும் நிறைந்த தடத்தில், வெளிப்புறச் சக்கரம் விளிம்பை ஒட்டி இறங்கும் அந்தக் கணத்தில், இந்த இரண்டரை பாகையின் மதிப்பு என்னவென்பதை ஓட்டுபவர் உணர்வார்.

எனவே கூரைக்கு உரியவை இன்னவை, உரியவை அல்லாதவை இன்னவை என்ற விவேகம் முதலில் வேண்டும். பருமனாயிருந்து எடை குறைந்தவை எல்லாம் மேலே போகலாம்: பஞ்சுப் படுக்கைகள், உறக்கப்பைகள், ரப்பர் பாய், கூடாரம், மடக்கு நாற்காலிகள், மணலிலும் சேற்றிலும் சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் பிளாஸ்டிக் பலகைகள், நீளமாயிருப்பதனால் உள்ளே அடங்காத மண்வாரி. கனமானவை எல்லாம் கீழே, இரண்டு அச்சுகளுக்கும் இடையே போக வேண்டும்: தண்ணீர், கருவிப்பெட்டி, ஜாக், சமையல் பாத்திரங்கள், அரிசி, பருப்பு. சக்கரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். தார், கூர்க்கா, ஜிம்னி ஆகியவற்றின் பின்கதவிலேயே உபரிச் சக்கரம் ஒன்று தொங்குகிறது. அது போதாதென்று இரண்டாவது சக்கரத்தைக் கூரையில் ஏற்றும் பழக்கம் பரவி வருகிறது. பெரிய டயர் போட்ட சக்கரம் ஒன்று 30 கிலோவுக்குக் குறையாது. லடாக்கின் கார்துங் லா கணவாயின் உயரம் 5,359 மீட்டர். அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் பாதியளவே. நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கும் அந்த இடத்தில், 30 கிலோ சக்கரத்தைத் தலைக்கு மேலிருந்து இறக்கவும், பழுதானதை மேலே ஏற்றவும் யாரால் முடியும்? டியூப் இல்லாத டயருக்குப் பஞ்சர் ஒட்டும் திரிகளும், பேட்டரியில் ஓடும் சிறிய காற்றடிக்கும் கருவியும் சேர்ந்து இரண்டு மூன்று கிலோதான். பெரும்பாலான பஞ்சர்களுக்கு அவையே போதும்.

எரிபொருள் விஷயத்தில் இன்னும் கண்டிப்பாயிருக்க விரும்புகிறேன். மணாலியிலிருந்து லே செல்லும் வழியில் தண்டி என்ற ஊரின் பங்க்கில், அடுத்த பங்க் 365 கிலோமீட்டருக்கு அப்பால் என்று எழுதி வைத்திருந்த பலகை பிரசித்தமானது. அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்ளாத பிரயாணி அபூர்வம். அந்தப் பலகை உண்டாக்கிய அச்சமே கூரைமேல் இருபது லிட்டர் கேன்களை வரிசையாக நிறுத்தி வைத்திருக்கிறது. ஆனால் மூன்று கதவுத் தாரின் டாங்க் 57 லிட்டர். மலைப் பாதையில் லிட்டருக்கு ஒன்பது கிலோமீட்டர் என்று குறைத்துக் கணக்கிட்டாலும் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓடும். ஃபார்ச்சூனரின் டாங்க் 80 லிட்டர். தண்டியில் நிரப்பிக்கொண்டு நேரே லே செல்லும் இத்தகைய வண்டிக்குக் கேனே வேண்டியதில்லை. லேயிலிருந்து ஹான்லே, உம்லிங் லா என்று நெடுஞ்சுற்றுச் சுற்றுபவர்களுக்கு ஒரு கேன் தேவைப்படலாம். அதையும் வண்டியின் பின்புறத்தில், கூரைக்குக் கீழே, அதற்கென்று செய்த பிடியில், பூட்டி வையுங்கள். கேனை விளிம்புவரை நிரப்பாமல், உயரம் ஏற ஏறவும் வெயில் ஏற ஏறவும் ஆவி விரிவதற்கு இடம் விடுங்கள். பங்க்கில் நிரப்பும்போது தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். வண்டி கவிழ்ந்தால் முதலில் தரையில் மோதுவது கூரையில் உள்ளதுதான் என்பதை நினைத்துப் பார்த்தால், அங்கே பெட்ரோல் இருக்கலாகாது என்பதற்கு வேறு பிரமாணம் தேவையில்லை.

இன்னும் ஒரு வார்த்தை. லடாக்கிலும் ஸ்பித்தியிலும் அநேகமாக எல்லாப் பெரிய கிராமங்களிலும் பிரயாணிகளைத் தங்க வைத்து, கனத்த ரஜாய்களும் சூடான உணவும் தந்து உபசரிக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. அந்த வீடுகளில் தங்குவதென்று தீர்மானித்துவிட்டால், கூரையில் ஏற்றத் திட்டமிட்ட சாமானில் பாதி வீட்டிலேயே நின்றுவிடும். நீங்கள் கொடுக்கும் பணமும், நீண்ட குளிர்காலத்தைக் கடக்க வேண்டிய அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேரும். வண்டிமேல் விரிக்கும் கூரைக் கூடாரம் இப்போது நாகரிகமாகி வருகிறது. அது தனியாகவே 50 கிலோவிலிருந்து 70 கிலோ வரை எடையுள்ளது. நின்ற வண்டியில் அதற்குள் இருவர் உறங்குவதைப் பல கூரைகள் தாங்கும். ஓடும் வண்டியில் அதைச் சுமந்து கற்பாதையில் போவதைத் தாங்கும் கூரைகள் சிலவே. நிற்கும்போது உரிய எண்ணைக் காட்டி விற்பவரிடம் ஓடும்போது உரிய எண்ணைக் கேளுங்கள்.

இவ்வளவையும் கழித்த பின்னும் கேரியர் தேவைப்படுமானால், அதன் வகைகளைப் பார்ப்போம். மிக எளியது இரண்டு குறுக்குச் சட்டங்கள் மாத்திரமே. ஒவ்வொன்றும் சில கிலோதான். மேலே ஒரு மூடிய பெட்டியையோ நீண்ட பையையோ பொருத்திக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் கழற்றி வைத்துவிடலாம். இரண்டாவது, நாம் அம்பாசடர் காலத்திலிருந்து அறிந்த, சுற்றிலும் கம்பி விளிம்புள்ள கூடை வகை. ஒழுங்கற்ற உருவமுள்ள மூட்டைகளுக்கு ஏற்றது. ஆனால் விளிம்பு உயர்ந்திருப்பதனாலேயே, அந்த உயரம் வரை நிரப்பும் ஆசையைத் தூண்டுவது. மூன்றாவது, சட்டங்களை வரிசையாக அடுக்கிச் சமதளமாகச் செய்த பலகை வகை. பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. பட்டைகளை எங்கே வேண்டுமானாலும் மாட்டுவதற்கு அதன் சட்டங்களில் நீளவாக்கில் காடி இருக்கும். தாழ்ந்து நிற்பதால் காற்றையும் குறைவாகவே எதிர்க்கும். என் தீர்ப்பைக் கேட்டால், சிறிய கூரை எல்லையுள்ள வண்டிகளுக்குக் குறுக்குச் சட்டங்களும், பெரிய எல்லையுள்ளவற்றுக்குக் கூரையின் பாதி அல்லது முக்கால் நீளமே உள்ள தாழ்ந்த பலகையும்தான் தகுந்தவை. முழு நீளக் கேரியர் என்பது அத்தனை நீளமும் தேவைப்படுவோருக்கே. அத்தகையவர் நம்மில் மிகச் சிலர்.

கேரியரைவிட அதன் கால்களைக் கவனித்துப் பாருங்கள். பழுது நேர்வது அநேகமாக அங்கேதான். பழைய ஜீப்புகளிலும் ஜிப்சியிலும் அம்பாசடரிலும் கூரையின் ஓரத்தில் மழைநீர் வடியும் காடி இருந்தது. அதைப் பற்றிக்கொண்டு ஆறோ எட்டோ கால்கள் நின்று பாரத்தைச் சமமாகப் பங்கிட்டன. புதிய வண்டிகளில் அந்தக் காடி மறைந்துவிட்டது. சிலவற்றில் கம்பெனியே பொருத்திய நீளத் தண்டவாளங்கள் உண்டு. சிலவற்றில் ரப்பர் மூடியின் கீழே போல்ட் திருகும் துளைகள் உண்டு. ஏதுமில்லாதவற்றில் கதவுச் சட்டத்தைக் கவ்விப் பிடிக்கும் கொக்கிகள் மட்டுமே கதி, அவை நெடுஞ்சாலைக்குப் போதுமேயொழியக் கற்பாதைக்குப் போதா. தண்டவாளம் சில மாதிரிகளில் வெறும் அலங்காரத்துக்காகவே ஒட்டப்பட்டிருப்பதும் உண்டு. ஆகவே அது பாரம் தாங்குவதற்கென்று செய்யப்பட்டதா என்பதைக் கையேட்டில் பார்த்துவிட்டே கேரியரை மாட்டுங்கள். கூரையில் புதிதாகத் துளையிட்டுப் பொருத்தித் தருகிறேன் என்று பட்டறைக்காரர் சொன்னால் தயவுசெய்து இணங்காதீர்கள். பெயின்டும் முலாமும் உரிந்த அந்தத் துளையில் முதல் மழையிலேயே துரு குடியேறும். மெல்லிய தகடு அலைக்கழிந்து துளையைச் சுற்றி விரிசல் விடும். கம்பெனியின் உத்தரவாதமும் போய்விடும்.

இரும்பா, அலுமினியமா என்ற விவாதம் பழையது; இரு தரப்பிலும் நியாயம் உண்டு. அலுமினியம் இரும்பின் அடர்த்தியில் மூன்றில் ஒரு பங்கே உள்ளது, துருப்பிடிக்காது, கடற்கரை நகரங்களில் வாழ்பவர்களுக்கு இது சிறிய அனுகூலம் அன்று. ஆனால் இரும்புக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. ஓர் அளவுக்கு உட்பட்ட அதிர்வை இரும்பு எத்தனை லட்சம் தடவை வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளும். அலுமினியத்துக்கு அத்தகைய எல்லை கிடையாது, சிறிய அதிர்வும் அதற்குள் சேர்ந்துகொண்டே போய் ஒரு நாள் விரிசலாக வெளிப்படும். மேலும், இரும்பு ஒடிந்தால் கேலாங், காசா போன்ற மலையூர்களில் வெல்டிங் தெரிந்த எவரும் ஒட்டிக் கொடுப்பார். அலுமினியத்தை ஒட்டுவதற்கு வேறு வாயுவும் வேறு கைப்பழக்கமும் வேண்டும். அலைஅலையாய் வரிபடிந்த மண்சாலையில் மணிக்கணக்காக ஓடும்போது, கேரியரை அழிப்பது ஒரு பெரிய மோதல் அல்ல, இந்த இடைவிடாத நடுக்கமே. ஆஸ்திரேலியாவில் இன்று பெரிய கம்பெனியாக விளங்கும் ஏ.ஆர்.பி., 1975-இல் தோன்றியதற்கே காரணம், அந்நாட்டின் வடபுறத்து மண்சாலைகளில் கேரியர்களும் முன்கம்பிகளும் ஒடிந்து கிடந்ததை ஓர் இளைஞர் கண்டதுதான். நான் அலுமினியத்தின் பக்கமே சாய்கிறேன், எடைக் கணக்கு அவ்வளவு இறுக்கமானது என்பதனால். ஆனால் பற்றவைத்த இணைப்புகளைவிட போல்ட்டால் பூட்டிய இணைப்புகள் கொண்டதையும், நட்டுகளின் உள்ளே நைலான் வளையம் உள்ளதையும் தேர்ந்தெடுக்கச் சொல்வேன். மாட்டிய முதல் நூறு கிலோமீட்டரில் ஒரு முறையும், மலையில் ஒவ்வொரு காலையிலும் எல்லா போல்ட்டுகளையும் ஸ்பானரால் தொட்டுப் பாருங்கள்.

காற்றைப் பற்றி யாரும் பேசுவதில்லை. லடாக்குக்காக வாங்கும் கேரியர், லடாக்கில் ஓடுவதைவிட அதிக தூரம் கன்னியாகுமரியையும் ஸ்ரீநகரையும் இணைக்கும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையிலேயே ஓடுகிறது. சென்னைக்காரர் மலையடிவாரத்தைச் சேர்வதற்குள் இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் சமவெளியைக் கடந்தாக வேண்டும், திரும்பவும் அவ்வளவே. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்வது. 80-இல் போகும் வண்டி 100-ஐத் தொடும்போது எதிர்ப்பு ஐம்பது சதவீதத்துக்கு மேல் கூடிவிடுகிறது. அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், அந்நாட்டின் கார் வகை வண்டிகள் எரிக்கும் எண்ணெயில் ஒரு பங்கு கூரைக் கேரியர்களாலேயே செலவாகிறது என்று கண்டார்கள். வெறும் கேரியரைக் கழற்றாமல் சுமந்து திரிவதும் அதற்கு ஒரு காரணம். ஆகவே கழற்றி மாட்ட எளிதானதை வாங்குங்கள். பிரயாணம் முடிந்து வீடு திரும்பிய வாரத்திலேயே கழற்றி வையுங்கள். முன்புறத்தில் சாய்வான காற்றுத் தடுப்பு ஒன்று இருந்தால் இரைச்சலும் குறையும். கூரைமேல் விளக்கு வரிசை வைப்பதில் எனக்குச் சம்மதமில்லை. பானெட்டில் பட்டுக் கண்ணைக் கூசச் செய்வதும், எதிரே வரும் லாரி ஓட்டுநரைக் குருடாக்குவதும்தான் அதன் பயன்.

சட்டத்தையும் மறக்கலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்ததிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. வண்டிக் கம்பெனியே தன் உபகரணமாக விற்கும் கேரியர் கிடைக்குமானால் அதை வாங்கி, ரசீதை வண்டியிலேயே வைத்திருப்பது உத்தமம். வண்டியின் புதிய உயரத்தை அளந்து ஒரு சீட்டில் எழுதி ஓட்டுநரின் கண் முன்னே ஒட்டி வையுங்கள். ஓட்டல்களின் நிலவறை வாகன நிறுத்தங்கள் அந்த உயரத்துக்குக் கட்டப்பட்டவை அல்ல.

கட்டுவதிலும் சிரத்தை வேண்டும். இழுபடும் எலாஸ்டிக் கயிறுகளை நம்பாதீர்கள். அவை தார்ப்பாயைப் பிடித்துக்கொள்ளத்தான் உதவும். பல்சக்கரத்தால் இறுக்கும் அகன்ற பட்டைகளே பாரத்துக்கு உரியவை. வேகத்தில் வரும் வண்டியைச் சட்டென்று நிறுத்தினால், 60 கிலோ மூட்டை கிட்டத்தட்ட 50 கிலோ விசையோடு முன்னே பாய்கிறது. ஆகையால் குறுக்கே கட்டும் பட்டைகளோடு, முன்னும் பின்னுமாக இழுத்துப் பிடிக்கும் பட்டைகளும் அவசியம். மேலே ஏற்றியவற்றுள் சற்றுக் கனமானது நடுவில், முன்சக்கர அச்சுக்கும் பின்சக்கர அச்சுக்கும் மத்தியில் இருக்கட்டும். உங்கள் கூரையிலிருந்து நழுவி விழும் பொருள் பின்னால் மோட்டார் சைக்கிளில் வருபவரின் மேல் விழும். அவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது, ஆனால் அவர் உங்கள் பொறுப்பில் இருக்கிறார்.

இனி நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். புறப்படும் நாளுக்கு இரண்டு வாரம் முன்னதாக, கேரியர் வாங்காத நிலையிலேயே, கொண்டுபோக எண்ணிய சாமான் அனைத்தையும் வீட்டு வாசலில் பரப்புங்கள். உடன் வருபவர்கள் எல்லாரும் வண்டியில் உட்காரட்டும். கனமானவற்றைக் கீழே வைத்து, எவ்வளவு உள்ளே அடங்குகிறதோ அவ்வளவையும் அடக்குங்கள். வெளியே நின்றுவிட்டவற்றை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று ஒருவரையொருவர் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவற்றை வீட்டுக்குள் திருப்பி அனுப்புங்கள். அதன் பிறகும் மிஞ்சுபவற்றைத் தராசில் நிறுத்து, அந்த எடையை ஒரு காகிதத்தில் எழுதி, அதன் கீழே கையேட்டில் உள்ள கூரையின் எல்லையையும் அதை ஒன்றரையால் வகுத்து வந்ததையும் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் காகிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கேரியர் கடைக்குச் செல்லுங்கள். கடைக்காரரிடம் முதலில் அதைக் காட்டுங்கள், பிறகு விலையைக் கேளுங்கள்.

இங்ஙனம்,
உங்கள் நலம் நாடும்
ஒரு சகபிரயாணி